முழு வெயில் செடி

பார்த்து தம்பி, கால் பட்டுடப் போவுது. உங்க பையை அந்தப் பக்கம் நகர்த்திக்கங்க. ஆங், போதும். மேல கம்பியில வச்சா சரிஞ்சிடும், கீழ வச்சா ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் மிதிப்பான். மடியிலயே வச்சுக்கறேன். வேலூர்லருந்து ஒசூர், மூணரை மணி நேரம்தானே.

முருங்கைக் குச்சியா? நல்லாக் கேட்டீங்க போங்க. இது ஆர்க்கிட். வாண்டான்னு ஒரு ஜாதி. ஊதாக் கலர்ல உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும், ஒரு காம்புல எட்டு ஒம்பது. மூணு வாரம் வாடாது. கருகியிருக்குதான், நான் இல்லைன்னு சொல்லலையே. பாதி இலை போச்சு. ஆனா அது என் தப்பு இல்ல. அதைத்தான் ஒசூர்ல போய் எடுத்துச் சொல்லப் போறேன். அங்க என் பொண்ணு வீடு. என் சம்சாரம் இப்ப அங்கதான் இருக்கா.

நான் ஏகாம்பரம். விதைச் சான்று அலுவலரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். என் கையெழுத்து இல்லாம எங்க வட்டாரத்துல ஒரு மூட்டை விதை நெல்லு வெளிய போனதில்ல. நூறு நெல்லுல எண்பது முளைக்கணும். எழுபத்தொம்பது முளைச்சா கிடையாது. காலைப் பிடிச்சாலும் கிடையாது. கறார் ஏகாம்பரம்னுதான் ஆபீஸ்ல சொல்வாங்க. என்னை மாதிரி ஒருத்தன் ஒரு செடியைத் தப்பாத் தேர்ந்தெடுப்பானா? நீங்களே சொல்லுங்க.

ரிட்டயர் ஆனதும் எல்லாரும் கோயில் குளம்னு கிளம்புவாங்க. நான் ஆர்க்கிட்டைப் பிடிச்சேன். வேலூர்ல ஆர்க்கிட்டான்னு சிரிச்சாங்க. அந்த வெயில்ல மனுஷனே காய்ஞ்சு வத்தலாயிடறான், மலைநாட்டுச் செடி எப்படி நிக்கும்னாங்க. நான் புத்தகம் வாங்கிப் படிச்சேன். படிச்சா விஷயம் ரொம்பச் சுலபம் தம்பி. ஆர்க்கிட்டுல நிழல் செடி இருக்கு, அரை வெயில் செடி இருக்கு, முழு வெயில் செடி இருக்கு. ஊருக்குத் தக்கபடி எடுக்கத் தெரியணும், அவ்வளவுதான்.

இலையைப் பார்க்கணும். பென்சில் மாதிரி உருண்டு, கெட்டியா, நீட்டா இருந்தா அது வெயிலுக்குன்னே பொறந்தது. பட்டையா, வார் மாதிரி இருந்தா அரை வெயில். அகலமா, மெத்துனு, வெத்தலை மாதிரி இருந்தா தொடவே தொடாதீங்க, அது நிழல்ல கொஞ்சிக்கிட்டே இருக்கணும். அப்புறம் நிறம். கரும்பச்சையா இருந்தா வெயில் பத்தலைன்னு அர்த்தம். இளம்பச்சையா, லேசா மஞ்சள் ஓடியிருந்தா சரியான வெயில் கிடைக்குதுன்னு அர்த்தம். எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். எனக்கு எல்லாத்துக்கும் ரெக்கார்டு வேணும்.

மொட்டை மாடியில வெயிலையும் அளந்தேன். ஒரு வெள்ளைத் தாளை வச்சு அதுக்கு மேல கையை நீட்டணும். நிழல் கறுப்பா, விரல் விரலாத் தெரிஞ்சா முழு வெயில். தெரிஞ்சுது. தேதி போட்டு எழுதியிருக்கேன், மார்கழி பதினாலு, காலையில எட்டு மணி. அது போதாதா? எந்த மாசமா இருந்தா என்ன, சூரியன் ஒண்ணுதானே.

திருச்சூர்க்காரர் ஒருத்தர் கண்காட்சிக்கு வந்திருந்தார், அவர்கிட்டதான் எடுத்தேன். இருபத்திமூணு செடி. இருபத்திரெண்டு பென்சில் இலை. ஒண்ணு மட்டும் பட்டை இலை, அது என் சம்சாரம் கேட்டு வாங்கினது. வேதவல்லின்னு பேரு அவளுக்கு. 'இந்த ஊதா நல்லாருக்குங்க'ன்னா. இது அரை வெயில்தான், சான்று தரமுடியாதுன்னேன். பரவாயில்லைன்னு தூக்கிக்கிட்டா. அதுதான் என் மடியில இருக்கறது.

ஆறு வருஷம் தம்பி. ஆறு வருஷம் அந்த மாடியில ஒரு செடி சாகல. கூரை கிடையாது, நிழல் வலை கிடையாது. மரக் கூடையில கட்டி, வேர் எல்லாம் காத்துல தொங்கும். மண்ணே கிடையாது. காலையில ஆறு மணிக்குப் போய்க் குவளையால தண்ணி ஊத்துவேன், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. நடுவுல ஒண்ணும் தேவையில்ல. முழு வெயில் செடின்னா அதான். சரியானதைத் தேர்ந்தெடுத்துட்டா அப்புறம் வேலையே இல்ல. வந்தவங்ககிட்ட எல்லாம் இதைத்தான் சொல்வேன்.

நான் மத்தியானத்துல மாடிக்குப் போனதில்ல. எனக்கு வெயில் ஆகாது. தலை சுத்தும். டாக்டரே சொல்லியிருக்காரு, பத்து மணிக்கு மேல வெளிய தலை காட்டாதீங்கன்னு. சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போட்டேன்னா நாலு மணிக்குக் காப்பிக்குத்தான் எழுந்திருப்பேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பங்குனிக் கடைசி. எங்க பழைய இணை இயக்குநர் கோதண்டபாணி சார் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், 'ஏகாம்பரம், உன் ஆர்க்கிட்டைப் பார்க்கணுமே'ன்னு வீட்டுக்கே வந்துட்டார். மணி பதினொண்ணரை. பெரிய மனுஷன் கேக்கறார், வெயில்னு சொல்லமுடியுமா? குடையைப் பிடிச்சுக்கிட்டு மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

அங்க என்ன பார்த்தேன்னு நினைக்கறீங்க? என் செடிங்க இருக்கற வரிசைக்கு நேர் மேல, குறுக்கும் நெடுக்குமா மூணு கயிறு. காலையிலயும் சாயங்காலமும் அதை வெறுங்கயிறாத்தான் பார்த்திருக்கேன். அதுல என் வேட்டி, அவ புடவை, உள்பாவாடை, ஒரு பழைய போர்வை. எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். சொட்டு சொட்டா என் ஆர்க்கிட் மேல விழுது. கோதண்டபாணி சார் அண்ணாந்து பார்த்தார். 'என்னய்யா ஏகாம்பரம், தோட்டம்னு சொன்னே, சலவைக் கடையால்ல இருக்கு'ன்னார். உள்பாவாடைக்குக் கீழ நின்னு ஆர்க்கிட்டைப் பத்திப் பேசவேண்டியதாப் போச்சு. என் மானமே போச்சு தம்பி.

அவர் போனதும் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டுப் போய் மூணு கயிறையும் அறுத்துட்டேன். துணியெல்லாம் தரையில விழுந்துது. வேதவல்லி படியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. 'இது முழு வெயில் செடி. உன் துணிமணி வெயிலைத் திருடுது. இதோட பவர் என்னன்னு தெரியாம ஆறு வருஷம் பூவைக் குறைச்சிருக்கே'ன்னேன். அவ மேல ஏறி வந்தா. துணியை ஒவ்வொண்ணா எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டா. 'அப்ப இனிமே நீங்களே பார்த்துக்கங்க'ன்னா. நான்தானேடி பார்த்துக்கறேன், ஆறு வருஷமா யார் பார்த்தாங்கன்னு கேட்டேன். துணியோட கீழ எறங்கிட்டா. அவ்வளவுதான்.

நாலு நாள் கழிச்சு, பொண்ணு வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வர்றேன்னு கிளம்பினா. போகும்போது செருப்பை மாட்டிக்கிட்டே ஒண்ணு சொன்னா. 'மத்தியானம் ஒரு தடவை மாடிக்குப் போய்ப் பாருங்க. ஒரே ஒரு தடவை.' சரி சரின்னேன். பொம்பளைங்க ஊருக்குப் போகும்போது கேஸை மூடுங்க, பாலைக் காய்ச்சுங்கன்னு பத்துச் சொல்வாங்க, அதுல இது ஒண்ணுன்னு விட்டுட்டேன்.

பத்து நாள் இருபது ஆச்சு. இருபது ஒரு மாசம் ஆச்சு. போன் பண்ணா பொண்ணு சுபாஷினிதான் எடுப்பா. 'அம்மா குளிக்கறாங்கப்பா', 'அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்கப்பா'. ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பா? ஒரு துணிக்கயிறுக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா? புதுக் கயிறு அறுபது ரூபா தம்பி, தெருமுனைக் கடையில தொங்குது.

அவளையும் நான் சும்மா எடுக்கல, பார்த்துத்தான் எடுத்தேன். நாலு பொண்ணு பார்த்து வேணாம்னு எழுந்து வந்தவன் நான். இவங்க வீட்டுல போய் உட்காரும்போது இவ வேர்க்கடலைக் கொல்லைக்குச் சோறு கொண்டுபோயிட்டு, நல்ல பங்குனி வெயில்ல ரெண்டு மைல் நடந்து வந்து நின்னா. முகத்துல ஒரு சோர்வு இல்ல. இது தாங்கும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். முப்பத்தாறு வருஷம் தாங்கினாளே. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. என் தேர்வுல குத்தம் சொல்லமுடியாது.

சரி, செடிக்கு வர்றேன். அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சு மூணாம் நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போறேன், நாலு செடி வெளுத்துப் போயிருக்கு. வெளுப்புன்னா சுண்ணாம்பு வெளுப்பு. மறுநாள் அதே இடம் கறுப்பாச்சு. அடுத்த வாரம் ஒம்பது. வேர் எல்லாம் சுக்குக் காய்ஞ்ச மாதிரி, தொட்டா நொறுங்குது. நான் தண்ணியை ரெண்டு குவளை, நாலு குவளைன்னு ஏத்திப் பார்த்தேன். எல்லாம் ரெக்கார்டு இருக்கு. எந்தத் தேதியில எது செத்துதுன்னு கேளுங்க, சொல்றேன். வைகாசி பாதியில இருபத்திரெண்டும் போச்சு. கூடை கூடையா அவுத்துக் கீழ கொண்டாந்து போடறேன். ஒவ்வொண்ணும் பூத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. சாப்பிடுங்கன்னு சொல்லவும் ஆள் இல்ல.

உடனே திருச்சூர்க்காரருக்குப் போன் போட்டேன். மட்டமான சரக்கைக் கொடுத்து ஏமாத்திட்டீங்கன்னேன். அவர் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டார். 'சாரே, வேலூர் மொட்டை மாடியில, மேல ஒண்ணுமில்லாம இது ஆறு வருஷம் இருந்துதுன்னு சொன்னா அதுதான் எனக்கு அதிசயம். முழு வெயில்னு நாங்க சொல்றது மழைநாட்டு வெயில். அங்க காத்துல எப்பவும் ஈரம் இருக்கும். உங்க ஊர்ல காத்துக்கு ஈரம் யார் கொடுத்தாங்க?'ன்னு கேட்டார். எப்படி இருக்கு கதை? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். சரக்கு கெட்டதுன்னா ஊர்க் காத்து மேல பழி.

இன்னொரு கூத்தும் கேளுங்க. பக்கத்து வீட்டு நசீமா அம்மா. அவங்க மாடியும் எங்க மாடியும் ஒட்டின மாதிரி, நடுவுல கைப்பிடிச் சுவர்தான். செத்த கூடையெல்லாம் நான் மூட்டை கட்டறதைப் பார்த்துட்டு அந்தப் பக்கத்துல நின்னு உச்சுக் கொட்டினாங்க. 'அக்கா இருந்தா இப்படி விட்டிருப்பாங்களா அண்ணா?'ன்னாங்க. அவ என்னம்மா பண்ணுவா, துணிதானே காயப்போடுவான்னேன்.

'காயப்போடறதா? தினம் பதினோரு மணிக்கு அந்த வேட்டியைப் பிழியாமக் கொண்டாந்து போடுவாங்க. காஞ்சதும் மறுபடி எடுத்து வாளியில முக்கிப் போடுவாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை. முட்டி வலிக்குதுன்னு படியில உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாங்க. ஏன்க்கா, துவைச்ச துணியையே துவைக்கறீங்கன்னு நான்கூடக் கேட்டேன். அவருக்குச் செடி செத்தா தாங்காது, சொன்னா ஒத்துக்கமாட்டார், அதான் துணி காயுதுன்னு வச்சுக்கட்டும்னாங்க.'

இப்படிச் சொல்லுது அந்த அம்மா. எனக்கு அப்பதான் ஒரு விஷயம் பளிச்சுனு புரிஞ்சுது. ஆறு வருஷமா என் வேட்டி மூணு மாசத்துக்கு ஒண்ணு இத்துப் போவும். துணிக்கடைக்காரன்கிட்ட நான் போடாத சண்டை இல்ல. நாளைக்கு நாலு தடவை நனைச்சுக் காயவச்சா எந்த வேட்டி தாங்கும்? பாவம், அந்தக் கடைக்காரன்.

செடிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னுதான் நான் இப்பவும் சொல்றேன். ஏதோ கொஞ்சம் குளுமை கிடைச்சிருக்கலாம். மறுக்கல. ஆனா சுபாஷினி என்ன சொல்றா தெரியுமா? 'நிழலோட அருமை வெயில்ல தெரியும்னு சும்மாவாப்பா சொன்னாங்க?'ங்கறா. அது மனுஷங்களுக்குச் சொன்ன பழமொழிம்மா, ஆர்க்கிட்டுக்குச் சொல்லலன்னேன். 'நானும் ஆர்க்கிட்டைச் சொல்லலப்பா'ன்னு போனை வச்சிட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க பேச்சே புரியறதில்ல.

இந்தச் செடியா? இது எப்படிப் பிழைச்சுதுன்னு எனக்கே தெரியாது. தண்ணித் தொட்டிக்குப் பின்னால, கிழக்கு முகமா அவ கட்டி வச்சிருந்தா. காலையில மட்டும் கொஞ்சம் வெயில் வரும். நல்ல வெயில்ல எடுத்து மாட்டணும், மாட்டணும்னு நினைச்சிட்டே மறந்துட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கறேன். போன வாரம்தான் ஞாபகம் வந்து எடுத்து நடு மாடியில மாட்டினேன். மூணே நாள். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. எப்பேர்ப்பட்ட பலவீனமான செடி பாருங்க.

அப்பதான் எனக்குப் பயம் வந்துது தம்பி. இது அவ கேட்டு வாங்கினது. முப்பத்தாறு வருஷத்துல அவ வாயைத் திறந்து கேட்டு வாங்கினது இது ஒண்ணுதான். இதுவும் போயிடுச்சுன்னா அவ வரவே மாட்டாளோன்னு தோணிப்போச்சு. ஏன் அப்படித் தோணுச்சுன்னு கேக்காதீங்க. வீட்டுல பேச்சுச் சத்தம் இல்ல. ரசம் நானே வச்சுக்கறேன், அது ரசம் மாதிரி இல்ல. தூங்கி நாலு மணிக்கு எழுந்தா, காப்பி வரும்னு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருக்கேன், அப்புறம்தான் ஞாபகம் வருது. அதான் கிளம்பிட்டேன். செடியைக் காட்டி, என்ன பண்ணலாம்னு அவ அபிப்பிராயத்தையும் கேட்டுக்கலாமேன்னு. கயிறு கட்டிக்கறதுக்கும் அனுமதி கொடுத்துடலாம்னு இருக்கேன். ஒரு ஓரமா.

சூளகிரி வந்துடுச்சா? இருங்க, போன் அடிக்குது. பொண்ணுதான். கொஞ்சம் கூடையைப் பிடிங்க.

சொல்லும்மா. சூளகிரி தாண்டிக்கிட்டு இருக்கேன்... யாரு? அம்மாவா? குடு, குடு... வேதவல்லி. நல்லாருக்கியா? ஆங்... இருக்கு. கொண்டாந்திருக்கேன்... வேரா? வேர் எல்லாம் நல்லா வெள்ளையா இருக்கு... நுனியா? நுனி பார்க்கலயே. இரு, வைக்காத, இரு பார்க்கறேன்.

தம்பி, உங்க கண்ணு நல்லாத் தெரியுமில்ல? அந்த வேர் நுனியில எங்கயாவது பச்சை இருக்கான்னு பாருங்க. இருந்தா உசுரு இருக்குன்னு அர்த்தமாம். தண்ணி ஊத்திப் பார்க்கணுமாம், உங்க பாட்டில்ல இருக்கா? ஊத்துங்க, என் வேட்டி நனைஞ்சா பரவாயில்ல. இல்லையா? அந்தப் பக்கம்? கீழ, கீழ பாருங்க. இருக்கா? ஒண்ணா? எவ்வளவு? அரிசி அளவா?

வேதவல்லி, இருக்கு. ஒண்ணு இருக்கு. அரிசி அளவு இருக்கு... சரி... சரி... காலை வெயில் மட்டும், சரி. பத்து மணிக்கு நிழல்ல. ஈரத் துணி... சரி. நீயே பார்த்துக்கயேன், உனக்குத்தான் பழக்கம்... நானா? ஒசூர்லயா? எத்தனை நாள்? வேர் வர்ற வரைக்கும்னா நாலஞ்சு மாசம் ஆகுமே... தினம் நாலு தடவையா? பதினோரு மணிக்கா? ஏம்மா, எனக்கு வெயில் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?

...

வச்சிட்டா தம்பி.

கோபமா எல்லாம் பேசல. மெதுவாத்தான் கேட்டா. 'எனக்கு மட்டும் ஆச்சா?'ன்னு கேட்டா.  

முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பேர் என்கிட்ட கேள்வி கேட்டிருக்காங்க. மந்திரி கேட்டிருக்காரு. பதில் இல்லாம நான் நின்னதில்ல. அவளுக்கு வெயில் ஆகுமான்னு நான் கேட்டதே இல்லையே தம்பி. ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

ஒசூர் வந்துடுச்சு, எழுந்திருங்க. நீங்க முன்னால எறங்கி இதைக் கையில வாங்கிக்கங்க, நான் பின்னால வர்றேன். மெதுவா. அந்த வேர் பக்கம் பிடிக்காதீங்க. மணி என்ன? பதினொண்ணா? அடடா, என்ன வெயில் அடிக்குது இங்கயும். இருங்க, என் தோள்ல இருக்கற துண்டை எடுங்க. அந்தக் குழாயில நனைச்சு இதுமேல போடுங்க. நல்லா மூடுங்க. எனக்கு வேணாம், எனக்குத் தலை சுத்தினா சுத்தட்டும், அதோ அங்கதான் ஆட்டோ நிக்குது.

என்ன சிரிக்கறீங்க? பஸ் ஸ்டாண்டுல தூசி ஜாஸ்தி தம்பி. தூசிக்குத்தான் மூடச் சொன்னேன், வெயிலுக்கு இல்ல.